இரண்டாம் வரிக்கு ஓடிய பெயர்கள்

காசிமேட்டில் கணினி பழுதுபார்க்கப் போகிறவன் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்புக் காற்றை. கடலிலிருந்து மூன்று தெரு தள்ளியிருக்கும் வீட்டிலும் ஜன்னல் கம்பி செதில் செதிலாக உரியும். மின்விசிறி இறக்கையில் துருப்பூக்கும். கேபிள் முனையில் பச்சை படியும். 18 வருடத் தொழிலில் எனக்கு ஊறிப்போன பாடம் இது. சென்ற ஆண்டு ஒரு வீட்டில் அந்தப் பாடமே என்னை நான்கு நாள் அலைக்கழித்தது.

வீட்டுக்காரர் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேசட்டிலும் வீடியோ நாடாவிலும் கிடந்த குடும்பச் சரித்திரம் முழுவதையும் பொறுமையாக மடிக்கணினியில் ஏற்றி வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது டிவியில் பார்க்கட்டும் என்று ஒரு நாஸ் பெட்டி வாங்கினார். இரண்டு ஹார்ட் டிஸ்க் பொருத்தி ரவுட்டரோடு இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது பொதுப் பெட்டகம். நான்தான் அமைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, பாதி ஏறுகிறது, பாதி ஏறமாட்டேன் என்கிறது.”

போய்ப் பார்த்தேன். என் மடிக்கணினியைக் கேபிளால் ரவுட்டரில் செருகி ஒரு பெரிய படத்தை அனுப்பினால் நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் நகரவில்லை. கிகாபிட் இணைப்பில் நூறைத் தாண்ட வேண்டும். 11 என்ற எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கிகாபிட் வேகத்துக்கு கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். ஒன்று கெட்டால் கருவிகள் பெரும்பாலும் தங்களுக்குள் பேசிக்கொண்டு நான்கு கம்பியே போதும் என்று 100 மெகாபிட்டுக்கு, அதாவது நொடிக்குச் சுமார் 11 மெகாபைட்டுக்கு, இறங்கிவிடும். முனையைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஏழாவது தகட்டின் நுனியில் கடுகளவு பச்சை. வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் அழுத்தினேன். வேகம் நூறைத் தாண்டியது. வீட்டம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, கூலியையும் வாங்கிக்கொண்டு, உப்பைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றிவிட்டு வந்தேன். அந்தச் சொற்பொழிவை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் மறுபடி அழைப்பு. அதே கோப்புகள், அதே முரண்டு. “நகலெடுக்க முடியவில்லை, மறுபடி முயல்வதா, தவிர்ப்பதா” என்று கணினி கேட்கிறதாம். அவர் ஒவ்வொன்றாகத் தவிர்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

இரண்டாம் நாள் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டு இரவு முழுக்கச் சோதனை ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் ரிச்சி தெருவில் புதுக் கேபிள் வாங்கி மாற்றினேன். பயனர் உரிமைகளை அழித்துத் திரும்ப எழுதினேன். 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு எதுவும் தடுக்கிறதா என்றும் பார்த்தேன். பழைய ஃபேட் 32 முறையில் அமைத்த டிஸ்க்கில் அந்த வம்பு உண்டு. இங்கே அதற்கு வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன் என்றால், என் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். 6 ஜிபி திருமணப் படம் சிரித்துக்கொண்டே ஏறியது. ஐந்து நிமிடச் சின்னப் படம் மறுத்தது.

நான்காம் நாள்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். ஏறாத கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து, அதைப் பெட்டியிலேயே நேராகச் செருகி உள்ளே நகலெடுக்கச் சொன்னேன். அப்போதும் மறுத்தது. ஆக, கேபிளும் ரவுட்டரும் காசிமேட்டுக் காற்றும் குற்றமற்றவை.

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பெரியவர், உள்ளே போய் ஒரு நீளவாட்டுப் பேரேட்டை எடுத்து வந்தார். எந்தக் கோப்பு ஏறியது, எது ஏறவில்லை என்று வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். கணக்குப் பிரிவுக் கையெழுத்து, அச்சடித்ததுபோல் இருந்தது. ஏறாதவற்றின் எதிரே சிவப்பு மையில் ‘வரவில்லை’. முதல் நாளே நீட்டியிருக்கிறார். “இருக்கட்டும் ஐயா” என்று ஒதுக்கியவன் நான்.

பக்கத்தைப் புரட்டினேன். படிக்கவில்லை, சும்மா பார்த்தேன். சிவப்பு மை விழுந்த பெயர்களெல்லாம் ஓரக்கோட்டைத் தாண்டி இரண்டாம் வரிக்கு ஓடியிருந்தன. ஒரு வரிக்குள் அடங்கியவை எல்லாம் ஏறியிருந்தன.

அவர் கோப்புக்குப் பெயர் வைக்கிறவரல்ல, வாக்கியம் எழுதுகிறவர். ஓர் உதாரணம்: ‘1994 மாசியில் மகிழடி சேவைக்குத் திருவொற்றியூர் போனபோது தம்பி எடுத்த படம்’. மகிழடி சேவை அந்த ஊர்க் கோயில் திருவிழா. அந்தப் பெயரை வெறும் ‘1’ என்று மாற்றி அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது.

அப்புறம் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். திருவொற்றியூர் என்பது நமக்கு ஏழு எழுத்து. பெட்டி அதை எழுத்தாக எண்ணுவதில்லை, பைட்டாக எண்ணுகிறது. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். தி என்பது த ஒன்று, கொக்கி ஒன்று. ஆக 6 பைட். ர் என்பது ர ஒன்று, புள்ளி ஒன்று, அதுவும் 6. ஏழு எழுத்துக்கு 42 பைட் ஆகிறது. இதே ஊரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 12 பைட்டோடு முடிந்துவிடும்.

“அரை மாத்திரை ஒலிக்கும் மெய்க்கு 6, ஒரு மாத்திரை ஒலிக்கும் அகரத்துக்கு 3. எந்த ஊர் இலக்கணம் தம்பி இது?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த முழுப் பெயருக்கும் எண்களையும் இடைவெளிகளையும் சேர்த்துக் கூட்டினால் 192 வந்தது. அவர் மனத்தில் கூட்டி எனக்கு முன்பே சொல்லிவிட்டார்.

பெட்டியில் சாதாரணமாக ஒரு பெயருக்கு 255 பைட் இடம் உண்டு. 192 தாராளமாக அடங்கும். அப்படியானால் ஏன் மறுத்தது? அமைத்த அன்று நான் அதிபுத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்திருந்தேன். திருடு போனாலும் யாரும் திறந்து பார்க்க முடியாதபடி அந்தக் கோப்புறைக்கு மறையாக்கம் போட்டிருந்தேன். இந்தப் பெட்டியின் மறையாக்கம் கோப்பின் பெயரையும் சேர்த்தே மாற்றி எழுதும். மாற்றி எழுதிய பெயர் அசலைவிட நீளம். அது 255க்குள் அடங்க வேண்டுமானால் அசல் பெயர் 143 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் வெறும் 47 குறிகள். ‘போனபோது’ முடிவதற்குள் 143 தீர்ந்துவிடுகிறது.

நான்கு நாளாக நான் தேடிய குற்றவாளி நானே என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பெயர்களைச் சுருக்கிவிடலாமா என்றும் கேட்டேன்.

“சுருக்கினால் எடுத்தது என் தம்பி என்று யாருக்குத் தெரியும்?” என்றார். தம்பி இப்போது இல்லை என்பது அவர் சொன்ன விதத்திலேயே விளங்கியது.

மறையாக்கம் இல்லாத கோப்புறை ஒன்றைப் புதிதாக உருவாக்கினேன். வங்கிக் காகிதங்களும் வீட்டுப் பத்திரமும் மட்டும் பழைய கோப்புறையில் பூட்டியபடி இருக்கட்டும் என்றேன். “அப்படியே செய். திருடன் வந்தால் மகிழடி சேவையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளட்டும்” என்றார்.

மறுநாள் மாலைக்குள் எல்லாம் ஏறிவிட்டன. இந்தமுறை கூலி வேண்டாம் என்று நான் எழ, அவர் கேட்கவில்லை. பணத்தை என் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் பேரேட்டைத் திறந்து, தேதி போட்டு, யார் வந்தது, எத்தனை நாள், என்ன கோளாறு, யாரால் வந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதினார். அந்தப் பதிவும் இரண்டாம் வரிக்கு ஓடியது.