தெரியலன்னா விட்டுடு

"சார், கணக்குப் போட்டுப் பாத்தேன். குத்துமதிப்பா ஷேட் பண்ணாக்கூட லாபம்தான் வருது. அப்புறம் ஏன் விடச் சொல்றீங்க?"

நீட் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மாணவி கேட்டது. "கணக்கு சரிதான்மா. ஆனா தெரியலன்னா விட்டுடு" என்றேன். வரிசையில் இன்னும் ஆறு பேர் தாளோடு நின்றிருந்தார்கள். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தலையாட்டல்தான் இன்னும் உறுத்துகிறது.

அவள் கணக்கில் பிழையே இல்லை. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நிரப்பினால், சராசரியாக நான்கு கேள்வியில் ஒன்று சரியாகி 4 வரும், மற்ற மூன்றில் 3 போகும். மிச்சம் 1. அதாவது கேள்விக்குக் கால் மார்க். இரண்டு விடைகளைக் கழித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைப் போட்டால் கேள்விக்கு ஒன்றரை. நூற்றுக்கு 20 சரியாக இருந்தாலே கையைக் கடிக்காது.

நானும் காரணமில்லாமல் சொல்லவில்லை. சராசரி என்பது பல நூறு தடவை போட்டால் வருவது. பரீட்சை ஒரே தடவை. 20 கேள்விகளைக் கண்ணை மூடிப் போட்டால் சராசரி லாபம் 5 மார்க்தான். மூன்றோ அதற்குக் குறைவாகவோ சரியானால் நஷ்டம், அதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். ஒரு மார்க்குக்குள் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அது சின்ன பயமில்லை.

அதைவிடப் பெரிய காரணம், அரைகுறையாகத் தெரிந்த கேள்வி நாணயச் சுண்டல் ஆகாது என்பது. குவிலென்ஸ் ஒன்றை முதன்மை அச்சின் வழியே இரண்டாக வெட்டினால் ஒரு பாதியின் குவியத் தூரம் என்ன? முழு லென்ஸின் குவியத் தூரம் எஃப் என்றால், விடைகள் எஃப்/2, எஃப், 2எஃப், 4எஃப். முதலையும் கடைசியையும் எளிதில் கழித்துவிடுவார்கள். மிச்சமிருப்பதில் "லென்ஸை வெட்டினா இரட்டிப்பு" என்று மனதில் ஒட்டிக்கொண்டிருப்பது 2எஃப் பக்கம் இழுக்கும். இருபுறமும் ஒரே வளைவுள்ள லென்ஸை அச்சுக்குக் குறுக்கே வெட்டினால்தான் அது. அச்சின் வழியே வெட்டினால் இரண்டு பக்கத்து வளைவும் அப்படியே இருக்கும், எஃப் மாறாது, பிம்பத்தின் ஒளிர்வுதான் குறையும். கேள்வி எழுதுபவருக்கு இந்த வழுக்கல் தெரியும், 2எஃபை வைத்ததே அதற்காகத்தான். இங்கே அரை அறிவு இருப்பவர் ஒன்றும் தெரியாதவரைவிட அதிகமாகத் தவறுவார்.

பயிற்சிக்கென்று ஒரு நியாயமும் உண்டு. பயிற்சித் தாளில் குத்துமதிப்பாகப் போட்டது சரியாகிவிட்டால் அந்தப் பாடத்தை யாரும் மறுபடி புரட்டுவதில்லை. அதனால்தான் முதலில் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு போடு, விடை வந்தபிறகு கையை எடு, வராததைக் காலியாக விடு என்று ஆண்டு முழுக்கச் சொல்கிறோம். 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு பாடத்திலும் பி பிரிவில் 15-ல் 10 எழுதினால் போதும் என்று இருந்ததால் விடுவது வசதியாகவும் இருந்தது. 2025-லிருந்து அந்தச் சலுகை இல்லை. 180 கேள்வி, 180 நிமிடம், எல்லாமே கட்டாயம். "விட்டுடு" என்ற பேச்சு மட்டும் எங்கள் வாயிலிருந்து போகவில்லை.

தேர்வு முடிந்து அவள் வினாத்தாளோடு வந்தாள். 14 கேள்விகளை விட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் தான் சாய்ந்த விடைக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி. வட்டத்தை நிரப்பும் ஓஎம்ஆர் விடைத்தாளில் நிரப்பவில்லை. சரியான விடைகள் உள்ள கீயோடு ஒத்துப் பார்த்தோம். உயிரியலில் பத்துப் புள்ளியில் எட்டு சரி, இயற்பியலில் நான்கில் ஒன்று. நிரப்பியிருந்தால் 31 மார்க். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க சொன்னதாலதான் விட்டேன் சார்" என்று மட்டும் சொன்னாள், சாதாரணமாக.

நிரப்பப்போவதில்லை என்ற நிம்மதியில் வைத்த புள்ளி அது. நிரப்பியே ஆக வேண்டும் என்றிருந்தால் அதே இடத்தில் விழுந்திருக்குமா என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். விழுந்திருக்காது என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அவளுடைய பழைய மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்து வைத்தபோது அந்த வாதமும் நிற்கவில்லை. சந்தேகத்தோடு போட்ட விடைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடும் பழக்கம் அவளுக்கு இருந்தது. நான்கு தாளில் 52 கேள்விக்குறி. இயற்பியலில் 21-ல் 4 சரி: 16 வரவு, 17 செலவு. உயிரியலில் 31-ல் 13 சரி: 52 வரவு, 18 செலவு. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தாள்களிலேயே இருந்தது. இயற்பியலில் விடலாம், உயிரியலில் போடு. ஒரு பத்து நிமிடம் எண்ணியிருந்தால் போதும்.

இப்போது மாதிரித் தேர்வில் யாரையும் காலியாக விடச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் நிரப்பு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உறுதி, பாதி, குத்து என்று உ, பா, கு எழுது. விடையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் எல்லோருக்கும் எல்லாமே "உ" ஆகிவிடும். திருத்தும்போது பாடவாரியாக "பா"வை மட்டும் எண்ணு. ஐந்தில் ஒன்றுக்கு மேல் சரியானால் அந்தப் பாடத்தில் போடலாம். 30 கேள்வியாவது சேரும்வரை அந்த எண்ணிக்கையை நம்பாதே. "பா"வும் "கு"வும் சரியாக வந்திருந்தாலும் தவறாகவே எண்ணிப் பாடத்தைப் பார்.

இதிலும் முழுத் திருப்தி இல்லை. அவளைப் போலத் தயங்குகிறவர்களுக்கு இது பொருந்துகிறது. எதையும் "உ" என்று எழுதும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உறுதியிலேயே மூன்றில் ஒன்று தவறு. அவர்களிடம் "எல்லாத்தையும் போடு" என்றால் கடினமான ஒரு கணக்கோடு மூன்று நிமிடம் மல்லுக்கட்டி, கடைசியில் உயிரியலில் தெரிந்த கேள்விகளைப் படிக்கவே நேரமில்லாமல் நிற்பார்கள். அவர்களுக்கு இன்றும் "விட்டுடு" என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது அந்தப் புள்ளிகள் கண்முன் வருகின்றன.

போன வாரம் ஒருவன் அதே கேள்வியோடு வந்தான். "உன் பா எத்தனை?" என்றேன். எண்ணவில்லை என்றான். தாளைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.