ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

சொரியாசிஸ் என்னும் செதில் படை தோல் நோய் இருப்பவருக்குக் காலையில் முதல் அடி வைக்கும்போதே குதிகால் சுரீரென்றால், காரைக்குடிப் பக்கம் பழி ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி மேல்தான் விழும். கல் பாவம். தசைநாண் எலும்போடு ஒட்டும் இடத்தில் அழற்சி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கூடவே நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள், ஒரே ஒரு விரல் அடி முதல் நுனி வரை பூவன் பழம் போல வீக்கம், முகப்புக் கதவுச் சாவியைத் திருப்ப முடியாமல் அரை மணிக்கு மேல் விறைப்பு என்றால் சொரியாடிக் ஆர்த்ரைட்டிஸாக, அதாவது சொரியாசிஸோடு சேர்ந்து வரும் மூட்டு அழற்சியாக, இருக்கலாம். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று நிம்மதியாகிவிடக் கூடாது. இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

பலருக்கும் முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்சேட் என்னும் அழற்சி அடக்கும் மாத்திரை. 2012-இல் வந்த ஆய்வில் 221 பேர். வாரம் 15 மி.கி., ஆறு மாதம். மூட்டு வீக்கத்தில் மருந்தில்லா வெற்று மாத்திரையைவிடத் தெளிவான பலன் தெரியவில்லை. 2019-இல் 851 பேருக்கு 20 மி.கி. வரை கொடுத்துப் பார்த்தபோது 24 வாரத்தில் பாதிப் பேருக்கு ஓரளவு குறைந்தது. எட்டனர்செப்ட் என்னும் அழற்சி தடுக்கும் ஊசி மட்டும் போட்டவர்களில் 61% பேருக்கு. (இதில் வெற்று மாத்திரைக் குழு இல்லை, அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.) குறைந்த மருந்தளவிலேயே நின்றுவிட்டு “மருந்து கேட்கவில்லை” என்பது அவசரத் தீர்ப்பு என்பதே என் எண்ணம். 2015-இல் 206 பேரிடம் நடந்த ஆய்வில், 4 வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்த்து மருந்தைக் கூட்டிய நோயாளிகள், வழக்கமாக 12 வாரத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட்டவர்களைவிடத் தேறினார்கள். பக்கவிளைவும் அவர்களுக்கே கூடுதல்.

கோளாறு பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே நாள் மாத்திரை. 2.5 மி.கி. வில்லையானால் 15 மி.கி.க்கு ஆறு. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை முடங்கி ரத்த அணுக்கள் சரியும். பல நேரம் வாய்ப்புண்தான் முதல் எச்சரிக்கை மணி. துணைக்குத் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சின்னதாக, மஞ்சளாக இருப்பதுண்டு. கண் மங்கிய ஆச்சிமார் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவைத்தால் வினைதான். அட்டையிலிருந்து பிரிக்காமல், அட்டை மேலேயே “ஞாயிறு மட்டும்” என்று மார்க்கரில் எழுதுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறொரு நாளில்.

ரத்த அணு, ஈரலுக்கான எஸ்.ஜி.பி.டி., சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் மூன்றையும் முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், காரணமில்லாமல் தோலில் ரத்தக்கட்டு எது வந்தாலும் அடுத்த வேளையைப் போடாமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கோட்ரைமாக்சசோல் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரை இதோடு சேரவே கூடாது. மது கூடாது. கர்ப்பத்தில் அறவே கூடாது.

சீக்கிரம் ஆறட்டுமென்று ஸ்டீராய்டு ஊசியோ, உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத பொடியோ வாங்காதீர்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாகப் பொங்கலாம்.

இதே நோய் முதுகெலும்பைத் தாக்கி, படுத்தால் கூடி நடந்தால் குறையும் இடுப்பு வலிக்கு மெத்தோட்ரெக்சேட் உதவாது. வலி மாத்திரையில் அடங்காவிட்டால் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். அல்லது ஐ.எல்.-17 புரதத்தைத் தடுக்கும் ஊசி பெரும்பாலும் தேவைப்படும். அதற்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். உள்ளே உறங்கும் காசநோயை டி.என்.எஃப். தடுக்கும் ஊசி எழுப்பிவிடலாம்.