பொம்பெயிச் சுவர்களும் மழைத் தண்ணீரும்

இத்தாலியின் பழைய ரோமானிய ஊரான பொம்பெயியை வெசூவியஸ் எரிமலை அழித்தது என்று படித்திருப்போம். ஆனால் அங்கே சுவர் பராமரிக்கிறவர்கள் பயப்படுவது மழைக்குத்தான். கி.பி. 79இல் விழுந்த நுரைக்கல்லும் சாம்பலும் 4 முதல் 6 மீட்டர் கனத்தில் ஊரை மூடி, வெயிலும் மழையும் படாமல் வைத்திருந்தன. 1748இல் தோண்டத் தொடங்கிய பிறகுதான் சுவர்கள் மறுபடி நனைந்தன.

இந்த ஊரைக் கட்டியவர்கள் தண்ணீருக்கு வழி விட்டே கட்டினார்கள். கூரை உள்முற்றத்தை நோக்கிச் சரியும். மழைநீர் முற்றத்துத் தொட்டியில் விழுந்து தரைக்கடியில் உள்ள கிடங்குக்குப் போகும், மிஞ்சியது தெருவுக்கு ஓடும். பல தெருக்களில் தெருவே வடிகால். உயர்ந்த நடைபாதையும் குறுக்கே போட்ட தாண்டு கற்களும் அதற்காகத்தான். கூரை போனதும் இந்த ஏற்பாடு முழுக்கக் குலைந்துவிட்டது. வெறும் களிமண் சாந்தில் கல்லடுக்கிய உள்சுவர்கள்கூட இன்று நேராக மழை வாங்குகின்றன. அவற்றை யாரும் மழைக்கென்று கட்டவில்லை.

தண்ணீர் முதலில் இறங்குவது சுவரின் தலைவழியாக. அதனால் தலைக்கு முதுகு வளைந்த மாதிரி காரை மூடி போட வேண்டும். சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணலும் எரிமலைப் பொடியும் சேர்ந்து மூன்று பங்கு. அதோடு இடித்த ஓட்டுத்தூள். பழைய பூச்சைக் கையுளியால் 2, 3 செ.மீ. ஆழம் சுரண்டி, தூசு போகக் கழுவி, சுவரை நன்றாக நனைத்த பிறகே சாந்து வைக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் காரை பொடிந்துபோகும். ஈரச்சாக்கு போட்டுச் சில நாள் காக்க வேண்டும். கடும் வெயிலில் பூசினால் மயிர்வெடிப்பு, உறைபனியில் பூசினால் மேல்தோல் உரியும். எவ்வளவு நன்றாகப் போட்டாலும் சில மழைக்காலம் போனதும் திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.

சென்ற நூற்றாண்டின் பழுதுபார்ப்புகள் பல இடத்தில் சிமெண்டில் நடந்தன. சிமெண்ட் இறுகலானது, ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் பக்கத்தில் இருக்கும் பழைய கல் வழியாக உப்போடு வெளியேறி, அந்தக் கல்லையே உதிர்க்கும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கான்கிரீட் பிளக்கும். 2010 நவம்பர் 6ஆம் தேதி அபொந்தான்சா தெருவில் ஸ்கோலா அர்மதுராரும் என்ற பழங்காலக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1943 குண்டுவீச்சில் சிதைந்த பிறகு மேல்பகுதியைக் கனமான கான்கிரீட்டால் கட்டியிருந்தார்கள். பழைய அடிச்சுவர் மேல் அந்தப் பாரம், பின்புறம் தோண்டாத மேட்டில் ஊறிய மழைநீர். இரண்டும் சேர்ந்தால் எந்தச் சுவர் நிற்கும்?

அந்த மேடுதான் பெரிய தலைவலி. ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள். தோண்டிய தெருவை விடப் பல மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த மண் நனைந்தால் கனத்துத் தெருவோரச் சுவரை முன்னால் தள்ளும். மேட்டைச் சாய்வாக வெட்டி, மேலே வடிகால் எடுத்துத் தண்ணீரைச் சுவருக்கு வராமல் திருப்ப வேண்டும். ஐந்தாம் வட்டாரத்தில் இப்படி மேட்டைச் சரிக்கட்டப் போனபோதுதான், வாத்து, சேவல் படங்கள் தீட்டிய பழங்கால உணவுக்கடை மேடை ஒன்று கிடைத்தது. கடையின் படங்களை உலகமே பார்த்தது, மேலே வெட்டிய வடிகாலைப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கு அந்த வடிகால்தான் பெரிய சாதனை.

சுவரோவியம் தீட்டிய பூச்சைப் பராமரிக்கக் காது வேண்டும். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால், ஒட்டியிருக்கும் இடம் அடர்த்தியாகச் சத்தம் கொடுக்கும், உள்ளே கூடு விட்ட இடம் வெற்றாக ஒலிக்கும். கூடு விட்ட எல்லையைக் குறித்துக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் வெடிப்பு வழியாகத் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்து செலுத்தித் தூசை நனைப்பார்கள். பிறகு சலித்த எரிமலைப் பொடி சேர்ந்த நீர்த்த சுண்ணாம்புக் குழம்பைச் சிரிஞ்சில் ஏற்றி, கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். பஞ்சு வைத்த பலகையால் லேசாக அணைத்துப் பிடிப்பார்கள். ஒரேயடியாக நிரப்பினால் குழம்பின் பாரமே ஓவியத்தைச் சுவரிலிருந்து பிரித்துக் கீழே தள்ளிவிடும். ஏற்கெனவே உப்புப் பூத்த சுவரில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஈரம் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுக் குழம்பின் ஈரமும் சேர்ந்து உப்பை மேலே கொண்டுவரும்.

புதிதாகக் கூரை போடுவது நல்லதுதான், மரச்சட்டமும் ஓடுமாக இலேசாக இருந்தால். ஆனால் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் போட்டால், ஒரு வீட்டைக் காப்பாற்றிப் பக்கத்து வீட்டை நனைத்ததாக ஆகும். குழாய் நேராக வடிகாலில் இறங்க வேண்டும். வளாகத்தில் குடைப் பைன் மரங்கள் நிறைய. அவற்றின் ஊசி இலை கூரை விளிம்பு வாய்க்காலை அடைத்துக்கொள்ளும். இலையுதிர்கால மழை பிடிக்குமுன் ஏணி வைத்து அதைக் கையால் வழித்தெடுக்க வேண்டும், முதல் பெருமழை விட்டதும் இன்னொரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும்.