இரண்டு கிலோபைட் எல்லைக்கு அப்பால்

எட்டாவது செமஸ்டர் நெருங்கும்போது பொறியியல் கல்லூரிகளைச் சுற்றி ஒரு தனிச் சந்தை கூடும். 'பிராஜெக்ட் சென்டர்' என்று பலகை மாட்டிய மாடி அறைகளில் தலைப்புகளை அச்சடித்த பட்டியலை நீட்டுவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் கிட், நிரல், ரிப்போர்ட், பிபிடி, வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகள், அவற்றுக்கான பதில்கள் எல்லாம் ஒரே பையில் வந்துவிடும். அங்கே போகும் மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மூன்றரை ஆண்டுகள் ரெக்கார்டு நோட்டு எழுத வைத்துவிட்டு, கடைசியில் திடீரென்று 'ஒரு பொருளைச் செய்து காட்டு' என்றால் பிள்ளைகள் என்னதான் செய்வார்கள்? ஆனால் அந்தப் பையில் வரும் சிப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அது வேலை செய்கிறது, மதிப்பெண் வருகிறது, அதோடு சரி. என் வருத்தம் அந்த இடத்தில்தான்.

நான் படித்தது ஈ.சி.இ. என்ற மின்னணுவியல், தொடர்பியல் பொறியியல். ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் குழுவில் இருந்த ஒருவனின் அப்பா விவசாயி. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால் அப்போது மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரங்களில்தான் வரும். நள்ளிரவுக்கு மேல் வந்தாலும் எழுந்துபோய் மோட்டார் போட வேண்டும். வரப்பில் பாம்பு கிடக்கும், சேற்றில் கால் வழுக்கும், ஈரக்கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட வேண்டியிருக்கும். செல்போனிலிருந்தே மோட்டாரைப் போட ஒரு கருவி செய்வோம் என்று முடிவு செய்தோம். இது ஒன்றும் புதிய தலைப்பு இல்லை. பிராஜெக்ட் சென்டர் பட்டியலிலும் இருந்த தலைப்புதான். ஆனால் எங்களுக்கு அதைப் பயன்படுத்தப் போகிற மனிதரைத் தெரியும். அது பெரிய வித்தியாசம்.

லேபில் இருந்தது 8051 குடும்பத்துச் சிப், அதாவது நிரல் எழுதிக் கருவிகளை இயக்க உதவும் சின்னக் கணினி. இன்டெல் 1980-ல் கொண்டுவந்த வடிவமைப்பு. இன்றும் பாடத்திட்டத்தை விட்டுப் போகவில்லை. நாங்கள் எடுத்தது 89எஸ்52. அதில் நிரலுக்கு 8 கிலோபைட் இடம், நிரல் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகமான ராம் வெறும் 256 பைட். சிம் போட்டு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வாங்கும் ஜிஎஸ்எம் மாட்யூலைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினோம். சிக்னல் அனுப்பும் கணங்களில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும் என்று கடைக்காரர் எச்சரித்து, கூடவே பெரிய கெப்பாசிட்டர் ஒன்றையும் கையில் கொடுத்தார். சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் மட்டும் 11.0592 மெகாஹெர்ட்ஸில் கேட்டு வாங்கினோம். எதற்கு இப்படி ஒரு விநோதமான எண் என்று தோன்றும். சிப் தன் உள்ளே செய்வதுபோல அந்த 1,10,59,200-ஐ 12-ஆல் வகுத்து, பிறகு 32-ஆல் வகுத்தால் 28,800 வரும். அதை 3-ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 9600. சீரியல் தொடர்புக்கு நாங்கள் வைத்திருந்த வேகம் அது. 12 மெகாஹெர்ட்ஸ் போட்டுப் பார்த்தால் அந்தக் கணக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் பிசகும். மாட்யூல் பேசுவது சிப்புக்குப் புரியாது. பாடப்புத்தகம் அந்த எண்ணைக் கொடுத்திருந்தது, காரணத்தைக் கொடுக்கவில்லை.

எழுதியதைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கீல் என்ற கம்பைலரில் நிரலை எழுதிக்கொண்டிருந்தோம். கல்லூரிகளில் பரவலாக இருப்பது அதன் மதிப்பீட்டுப் பதிப்பு. நிரல் 2 கிலோபைட்டைத் தாண்டினால் அது மறுத்துவிடும். எல்இடி எரிய வைக்கும் பயிற்சிகளுக்கு அது போதும். எஸ்எம்எஸ் வாங்கிப் பிரித்துப் பார்க்கும் நிரலுக்கு எப்படிப் போதும்? சிப்பில் 8 கிலோபைட் காலியாகக் கிடக்கிறது, கம்பைலர் கால்வாசிக்கு மேல் விடமாட்டேன் என்கிறது. முழுப் பதிப்பின் விலை எங்கள் கைக்கு எட்டாதது. பூட்டை உடைத்த 'கிராக்' பதிப்பைத் தேடுவதுதான் விடுதியில் எல்லோருக்கும் தெரிந்த வழி.

எங்கள் சீனியர் ஒருவர்தான், "எஸ்டிசிசி இருக்கேடா, அதைப் போட்டுப் பாருங்க" என்றார். சிறிய சிப்புகளுக்கான சி கம்பைலர் அது. சந்தீப் தத்தா என்பவர் தொடங்கி, யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம், ஆனால் அதே நிபந்தனையில்தான் பகிர வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டு, பிறகு பல நாட்டு ஆட்கள் சேர்ந்து வளர்த்தது. இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம், அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. ஆனால் கீலுக்கு எழுதியதை அப்படியே அதில் போட முடியாது. போர்ட்டின் ஒரு பின்னுக்குப் பெயர் வைக்கும் முறை வேறு, ஓடும் நிரலை இடைமறிக்கும் இன்டரப்டை எழுதும் முறை வேறு. மாற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் எது சி மொழி, எது இந்தச் சிப்புக்காகக் கம்பைலர்காரர்கள் சேர்த்த சலுகை என்பதே எங்களுக்குப் பிரிந்து தெரிந்தது. அதுவரை எல்லாவற்றையும் சி என்றே நினைத்திருந்தோம்.

காசில்லாமல் கிடைத்ததற்காகத்தான் அதை எடுத்தோம். என்னை மாற்றியது வேறொன்று. ஒவ்வொரு முறை கம்பைல் செய்யும்போதும் அது பக்கத்திலேயே சில கோப்புகளைப் போட்டு வைக்கும். சி நிரலின் ஒவ்வொரு வரியும் எந்த அசெம்பிளிக் கட்டளைகளாக ஆனது என்று ஒன்றில் இருக்கும். ராமின் எந்த மூலையில் என்ன உட்கார்ந்திருக்கிறது, நிரல் பாதியில் விட்ட இடங்களைக் குறித்து வைக்கும் ஸ்டாக் எங்கே தொடங்குகிறது, அதற்கு எத்தனை பைட் மிச்சம் என்று இன்னொன்றில் இருக்கும். எங்கள் திட்டத்துக்கு உயிர்நாடியே இந்த இரண்டாவது கோப்புதான். ஓர் எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள் வரை வரலாம். மொத்த ராம் 256 பைட். அதில் பின்பாதி 128-ஐ நேரடியாகத் தொட முடியாது, சுற்றிவளைத்துத்தான் தொட வேண்டும். செய்தியை முழுதாக வாங்கி வைத்துக்கொண்டு படிக்கலாம் என்ற யோசனைக்கு அங்கே இடமே இல்லை என்று கணக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அதனால் எழுத்து வர வர அதைப் பார்த்து, அடுத்து எந்த எழுத்தை எதிர்பார்க்கிறோம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி நிரலை எழுதினோம். ஸ்டேட் மெஷின் என்று பாடத்தில் வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்தது இதுதான். 160 பைட் வேண்டியிருந்த இடத்தில் ஒரே ஒரு பைட் போதும் என்று ஆனது. மாட்யூலுக்கு அனுப்பும் கட்டளை வாசகங்களுக்கு முன்னால் 'கோட்' என்ற குறிச்சொல்லைச் சேர்த்ததும் அவை ராமைக் காலி செய்துவிட்டு நிரல் நினைவகத்துக்குப் போயின. ஸ்டாக்குக்கான இடம் விரிந்ததை அந்தக் கோப்பில் பார்த்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை வெளியாளுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். அறிவுச் செழிப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்த இரவுகளில் எங்கள் அறையில் இருந்தது.

அப்புறம் கருவியை நண்பனின் அப்பாவிடம் கொண்டுபோனோம். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சிவப்புப் பொத்தானோடு தொடராக இன்னொன்று. எஸ்எம்எஸ் அனுப்பினால் மோட்டார் ஓடியது. அவர் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வீட்டுல படுத்துக்கிட்டு மெசேஜ் போட்டா, மோட்டார் ஓடுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பேஸ் போயிருந்தா எடுக்காது. அதைப் பாக்க மறுபடி நான்தான போகணும்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இங்கிலீஷ்ல மெசேஜெல்லாம் நமக்குத் தோதுப்படாது. மிஸ்டு கால் குடுத்தா ஆகாதா?" என்று கேட்டார்.

எந்த ஐஇஇஇ ஆய்வுக் கட்டுரையிலும் எங்களுக்குக் கிடைக்காத இரண்டு கேள்விகள். யார் அழைக்கிறார்கள் என்ற எண்ணைக் காட்டும்படி மாட்யூலுக்கு ஒரு கட்டளை உண்டு. அழைப்பை எடுக்காமலே துண்டிக்கவும் ஒன்று உண்டு. மோட்டாருக்குப் போகும் ஒயர் ஒன்றில் கரண்ட் ஓடுவதை உணரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினோம். மிஸ்டு கால் வந்தால் கருவி அதைத் துண்டித்துவிட்டு ரிலேயை இழுக்கும். கொஞ்சம் காத்திருந்து, மோட்டார் உண்மையாகவே கரண்ட் எடுக்கிறதா என்று பார்க்கும். எடுத்தால் அவருக்குத் திரும்ப ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். வந்தால் ஓடுகிறது, வராவிட்டால் ஓடவில்லை. பேஸ் போனாலும், ஒரு பேஸ் இல்லாதபோது மோட்டாரைக் காக்கும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் தடுத்தாலும், ரிலே மக்கர் செய்தாலும் அவருக்குத் தெரிய வேண்டியது இந்த ஒன்றுதான். இருவருக்கும் காசு செலவில்லை. இவ்வளவையும் நிரலில் மாற்ற முடிந்தது, ஒவ்வொரு வரியும் எங்களுடையதாக இருந்ததால். பையில் வாங்கிய சிப்பாக இருந்தால் அவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திரும்பி வந்திருப்போம்.

வைவா முடிந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ரிப்போர்ட்டின் மார்ஜினைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அதன்பின் நாங்கள் செய்ததுதான் இன்று நினைத்தாலும் நிறைவாக இருக்கிறது. நிரலையும் சர்க்யூட்டையும் ஜிபிஎல் உரிமத்தோடு கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டோம். வெகுநாள் அதை யாரும் எட்டிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஒருநாள் மகாராஷ்டிரத்தில் கரும்புத் தோட்டத்துக்கு அதைப் பயன்படுத்திய ஒருவர் திருத்தம் ஒன்று அனுப்பியிருந்தார். அவர் சிம்மில் எண் சிலசமயம் +91 என்றும், சிலசமயம் பூஜ்ஜியத்தோடும் வருகிறது, அதனால் கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் ஒப்பிடும்படி மாற்றியிருக்கிறேன் என்று இரண்டு வரியில் காரணமும் எழுதியிருந்தார். மதிப்பெண் போட்டு மூடி வைத்த ஒரு வேலையை எங்கோ ஒருவர் வயலில் தொடர்ந்துகொண்டிருந்தார். ஒரு பொறியாளராக எனக்குக் கிடைத்த முதல் மரியாதையாக அதைத்தான் எண்ணுகிறேன்.

இப்போது கோயம்புத்தூரில், பம்புகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். வேலையில் சேர்ந்தபோது எனக்கு ஆச்சரியம் தந்தது, மேஜையில் இருந்த கருவிகளில் பாதிக்கு மேல், நிரலை எல்லோரும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருள் என்பதுதான். கம்பைலர் ஜிசிசி, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் முதன்முதலில் வெளியிட்டது. பிழை தேட ஜிடிபி. நிரலின் வரலாற்றைக் காக்க கிட். 2005-ல் லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. சர்க்யூட் போர்டு வரைய கிகேட். 1992-ல் பிரான்சில் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் தொடங்கியது, பிற்பாடு செர்ன் ஆய்வகமும் அதன் வளர்ச்சிக்குக் கை கொடுத்தது. கடைசி ஆண்டில் நாங்கள் வேறு வழியில்லாமல் பழகிய உலகம் தொழிற்சாலைக்குள் சாதாரண நடைமுறையாக இருந்தது.

அங்கே கற்றுக்கொண்ட புதிய விஷயம் உரிமம். ஒரு சமயம் புதிய பேனலுக்கு கருவிகள் தமக்குள் பேசும் மோட்பஸ் முறைக்கான நிரல் நூலகம் ஒன்று வேண்டியிருந்தது. "நெட்டுல சும்மா கெடக்குதுல்ல, எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே?" என்றார் எங்கள் மேலாளர். "சார், அது ஜிபிஎல். அதைச் சேர்த்து வித்தோம்னா, வாங்கினவங்க கேட்டா நம்ம முழு ஃபர்ம்வேரோட சோர்ஸையும் கொடுக்கணும்" என்றேன். அவர் திகைத்துப்போனார். அப்படியானால் ஜிசிசியில் கம்பைல் செய்வதும் ஆபத்தா என்று கேட்டார். இல்லை, கம்பைலரின் உரிமம் அதில் கம்பைல் ஆகும் நம் நிரலைக் கட்டாது, அதற்கென்றே விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் அந்த நிபந்தனை இல்லாத எம்ஐடி உரிமத்தில் இருந்த வேறொரு நூலகத்தை எடுத்தோம். நாங்கள் பயன்படுத்தும் ஃபிரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன இயங்குதளமும் 2017 முதல் அதே எம்ஐடி உரிமத்தில்தான் வருகிறது. எழுதியவர் எந்த நிபந்தனையோடு கொடுத்தார் என்று படித்துப் பார்ப்பது அவருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. கல்லூரியில் இதை ஒரு மணி நேர வகுப்பாக எடுத்தால்கூடப் போதும். எடுப்பதில்லை.

இப்போது நேர்முகத் தேர்வுகளில் நானும் உட்காருகிறேன். பிராஜெக்ட் தலைப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். "இதில் நீங்க எதை உள்ளே திறந்து பாத்தீங்க?" என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் அமைதி. சென்ற ஆண்டு ஒரு பெண், "ஈரப்பத சென்சாருக்கு ஒரு லைப்ரரி யூஸ் பண்ணினேன் சார். ரீடிங் நடுவுல விட்டு விட்டு வந்துச்சு. உள்ளே போய்ப் பாத்தா, டைமிங் எண்ணிக்கிட்டு இருக்கும்போது இன்டரப்ட் வந்தா கணக்கு தப்புது. டேட்டாஷீட்ல எத்தனை மைக்ரோசெகண்டுன்னு பாத்து நானே எழுதினேன்" என்றார். அவருடைய சிஜிபிஏ எங்கள் வழக்கமான எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அவருக்காக வாதாடினேன், வேலையில் சேர்த்துக்கொண்டோம்.

அவரிடம் இப்போது இருக்கும் பணி, பழைய 2ஜி மாட்யூலுக்குப் பதிலாக 4ஜி மாட்யூலை எங்கள் பேனலில் பொருத்துவது. கிராமங்களில் பலர் வைத்திருக்கும் ஜியோ சிம் 2ஜி மாட்யூலில் எடுக்காது. அடிப்படைக் கட்டளைகள் பெரும்பாலும் பழையவைதான். ஆனால் அழைப்பு 4ஜி இணைப்பிலேயே பேசும் வோல்டி முறை வழியாக வருவதால் அதற்கான அமைப்புகள் மாட்யூலுக்கு மாட்யூல் மாறுகின்றன. எதையும் சரியாக எழுதி வைத்த ஆவணம் இல்லை. அவர் ஒவ்வொன்றாகச் சோதித்து மாட்யூலை இயக்கும் டிரைவர் நிரலை எழுதி முடித்திருக்கிறார். அந்த டிரைவரை மட்டும், பேனலின் மற்ற நிரலைத் தொடாமல், எம்ஐடி உரிமத்தில் வெளியிடலாமா என்று மேலாளரிடம் கேட்டோம். எதற்கு என்று அவர் கேட்டார்; மற்றவர்கள் கண்டுபிடிக்கும் கோளாறுகளும் திருத்தங்களும் நமக்கே திரும்பி வரும் என்று விளக்கினோம். வாடிக்கையாளர் எண்களோ சர்வர் முகவரிகளோ உள்ளே எங்கும் இல்லை என்று உறுதிசெய்யச் சொல்லிவிட்டுச் சம்மதித்திருக்கிறார். அந்தச் சரிபார்ப்புதான் இந்த வாரம் நடக்கிறது. கூடவே விளக்கக் குறிப்பான ரீட்மி கோப்பைத் தமிழிலும் எழுதப்போவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறார்.