அல்மோராவுக்குப் போன தட்டுக்கழி

இன்று காலை தஞ்சை மேல வீதியில், பரத வகுப்பில் தாளம் தட்டும் கோலான தட்டுக்கழியின் சத்தம். உள்ளே தட்டடவு, பாதத்தைத் தட்டிப் பழகும் அடவு.
தெய்யா தெய்…

முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், தாளத்தின் ஓர் அட்சரத்துக்கு (எண்ணிக்கைக்கு) ஒரு தட்டு, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. அந்த மூன்றாவதில்தான் பிள்ளைகளுக்கு, முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டி தூக்கிக்கொள்ளும். குதிகால் முந்தி விழும், சத்தம் உடையும். முழுப் பாதமும் ஒன்றாக விழ வேண்டும். அரைமண்டி நிற்காதவரை காலத்தைக் கூட்டாதீர்கள்.

இந்தத் தஞ்சைப் பாணி இமயமலைக்கும் போயிருக்கிறது.

அல்மோரா, சுமார் 1,600 மீட்டர் உயரம். நடனக் கலைஞர் உதய் சங்கர் அங்கே தொடங்கிய கலை மையத்தில் பரதம் சொல்லிக்கொடுத்தவர் நட்டுவனார் சகோதரர்களான தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பா பிள்ளை, நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் குரு. கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமுபி சிங், இசைக்கு அலாவுதீன் கான்.

இப்படி ஒரு ஆசிரியர் வரிசை இன்று எங்கே அமையும்?

பணமில்லாமல் 1940களில் அந்த மையத்தை மூடிவிட்டார்கள். அங்கே படித்தவர்களில் இந்திப் பட இயக்குநர் குரு தத்தும் ஒருவர்.