சுவரைத் தொட்டுப் பார்த்த ஐந்து நாள்

டிசம்பர் 25, புதன்

நேற்றுதான் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீடு மலேசியாவின் பட்டர்வொர்த்தில். கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவும் ஜார்ஜ் டவுனும். அரையாண்டு விடுமுறைக்குள் அந்த ஊரின் சுவர்ச் சித்திரங்களை எல்லாம் நடந்தே பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை.

ஆசைக்குக் காரணம் அப்பா. கும்பகோணத்தில் சுவர் விளம்பரம் எழுதினார். புதிதாக ஒரு சுவர் கிடைத்தால் முதலில் உள்ளங்கையை அதில் வைத்துப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால் அன்றைக்குப் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே மாட்டார். "உள்ள ஓதம் இருக்கு, காயட்டும்" என்று சைக்கிளைத் திருப்பிவிடுவார். நான் ஓவிய ஆசிரியர் ஆன பிறகும் சுவரைக் கண்டால் கை தானாகப் போகிறது.

இன்று கிறிஸ்துமஸ் கூட்டம். தீவுக்கு நாளை போகலாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். துணைக்கு அவள் மகள் வருகிறாள். பத்து வயது, தமிழ்ப்பள்ளி மாணவி.

டிசம்பர் 26, வியாழன்

"பசியாறிட்டுக் கிளம்புங்க" என்று அக்கா விடவில்லை. ரொட்டி சானாய் சாப்பிட்டு ஃபெர்ரி பிடித்தோம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே பழைய நகரம் வந்துவிடுகிறது. கையில் சித்திரங்கள் இருக்கும் இடங்களைக் குறித்த வரைபடம்.

முதலில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட். அக்கா, தம்பி இருவரும் சைக்கிளில் போகும் படம். சைக்கிள் மட்டும் நிஜம். சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் சுவரில் வரைந்தவர்கள். முன்னால் அக்கா ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறாள், பின்னால் தம்பி அவளைக் கட்டிக்கொண்டு கத்துகிறான். லிதுவேனியாவிலிருந்து வந்த எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012இல் ஜார்ஜ் டவுன் திருவிழாவுக்காக வரைந்தது. அவர் அந்த ஆண்டு வரைந்த சில படங்கள்தான் ஊரையே சுவர் பார்க்க வைத்தன.

போட்டோ எடுக்க நீண்ட வரிசை. நாங்களும் நின்றோம். எங்கள் முறை வந்ததும் பிள்ளை சிரித்தபடி நிற்க, நான் படத்தை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கங்கே பூச்சு பெயர்ந்து அடியில் வேறு நிறம் தெரிகிறது. சைக்கிள் இரும்பிலிருந்து துருத் தண்ணீர் இறங்கிய தடம். ஓவியர் இந்தச் சுவரை வெள்ளையடித்துப் புதுசாக்கவில்லை. கறையும் காரையும் அப்படியே இருக்க, அதன்மேலேயே பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார். அதனால்தான் அவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள்.

அதே தெருவில் 120ஆம் எண் வீட்டில் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென் தன் இயக்கத்தை நடத்தினார். 1910இல் பினாங்கில் கூடிப் பேசித்தான் அடுத்த ஆண்டு சீனாவில் நடந்த குவாங்சோ எழுச்சிக்குப் பணம் திரட்டினார்கள். சைக்கிளுக்கு நின்ற கூட்டத்தில் கால்வாசி கூட அங்கே இல்லை. உள்ளே போய்ப் பாருங்கள் என்று வரிசையில் நிற்பவர்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆ குவீ ஸ்ட்ரீட்டில் நிஜமான பழைய மோட்டார் பைக், அதன்மேல் வரைந்த பையன். அப்புறம் கேனன் ஸ்ட்ரீட். நாற்காலிமேல் ஏறி நின்று சுவர்த் திறப்பை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் பையன். நாற்காலி நிஜம், திறப்பும் நிஜம். அந்தத் திறப்பு எத்தனையோ வருடமாக அங்கேயே இருந்திருக்கும். அதை எட்ட ஒரு கை வேண்டும் என்று ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கிறது.

கேனன் ஸ்ட்ரீட்டில் இன்னொரு வகைப் படமும் உண்டு. இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த கேலிச்சித்திரம். 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மறு ஆண்டு மாநில அரசு நடத்திய போட்டியிலிருந்து வந்தவை இவை, மொத்தம் 52. ஒவ்வொன்றும் தான் நிற்கும் தெருவின் கதையைச் சொல்கிறது. 1867இல் சீன ரகசியச் சங்கங்களுக்குள் பெரிய கலவரம். அப்போது சுட்ட பீரங்கிக் குண்டு போட்ட ஓட்டையால்தான் இது கேனன் ஸ்ட்ரீட், அதாவது பீரங்கித் தெரு ஆனதாம். கம்பிப் படம் இருக்கும் இடத்திலிருந்து கூ கொங்சி பக்கத்தில்தான். 1901இல் தீப்பிடித்து அழிந்து, 1906இல் மறுபடி எழுந்த சீனக் குலக் கோயில். கூரையில் இண்டு இடுக்கு விடாமல் சிற்பம். பிள்ளைக்குக் கழுத்து வலித்துவிட்டது.

டிசம்பர் 27, வெள்ளி

இன்று படம் குறைவு, ஊர் அதிகம்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வழியாகப் போனபோது ஜும்ஆவுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். 1801இல் தொடங்கிய பள்ளிவாசல். கட்டக் காரணமானவர் காதர் மொகிதீன், தமிழ் முஸ்லிம்களின் தலைவர். சூலியா ஸ்ட்ரீட்டில் நாகூர் ஆண்டவர் பேரில் ஒரு சின்ன தர்கா. நாகூரிலிருந்து கப்பல் ஏறியவர்கள் ஆண்டவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். குவீன் ஸ்ட்ரீட்டில் மகா மாரியம்மன், 1833இலிருந்து. இவை எல்லாம் நடக்கும் தூரம்தான். தர்கா வாசலில் நின்றபோது நாகூர்ச் சந்து ஒன்றில் நிற்பது போலவே இருந்தது.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு பாட்டியிடம் மல்லிகை வாங்கினேன். ஊர் எதென்று கேட்டார், சொன்னேன். "இந்தத் தெருவுக்கு எங்க வீட்டுல கடைத்தெருன்னுதாம்பா சொல்வோம். அந்தாண்ட பினாங்கு ஸ்ட்ரீட்டு, அது செட்டித் தெரு. கிங் ஸ்ட்ரீட்டு படகுக்காரத் தெரு." அப்புறம் பூவைச் சுற்றியபடியே பிள்ளையிடம், "உனக்குத் தெரியுமா ஆயி?" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பலகையில் இருக்கும் பெயர்களுக்கு அடியில் இன்னொரு தமிழ் வரைபடம் இருக்கிறது. அந்தக் கடைத்தெருவிலேயே இரண்டு முறை போய்வந்தோம்.

இந்தப் பக்கத்துக் கம்பிப் படங்களில் எனக்குப் பிடித்தது கிளி ஜோசியக்காரர். சாப்பாடு நாசி கண்டார். மலாயில் நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் காவடித் தண்டு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தண்டின் ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறியும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றார்களாம். நான்கு குழம்பைச் சோற்றின்மேல் கலந்து ஊற்றுகிறார்கள். கலந்தால்தான் ருசி.

டிசம்பர் 28, சனி

ராத்திரி அத்தானிடம் ஒன்று கேட்டேன்: படத்தில் இவ்வளவு பிள்ளைகள், தெருவில் விளையாடும் பிள்ளைகள் ஏன் கண்ணில் படவில்லை? அவர் இங்கேயே வளர்ந்தவர். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தோடு போய்விட்டது. ரொம்பக் குறைந்த வாடகைக்குத் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் புது வாடகை கட்ட முடியாமல் வெளியே குடிபோயின. பாரம்பரிய நகரம் ஆன பிறகு வீடுகள் தங்கும் விடுதியும் காபிக் கடையும் ஆயின. "என்கூட அஞ்சடில கோலி ஆடினவன் ஒருத்தன்கூட இப்ப அந்தத் தெருவுல இல்ல" என்றார். கடைவீடுகளின் முன்னால் நிழலாக ஓடும் நடைபாதைக்கு இங்கே அஞ்சடி என்று பேர்.

அதைக் கேட்ட பிறகு முன்ட்ரி ஸ்ட்ரீட்டில் நீல உடைப் பெண் வேறு மாதிரி தெரிந்தாள். இரண்டு ஜன்னல்களின் மேல் கை ஊன்றி, கால் தரையில் படாமல் எழும்பி நிற்கும் பெரிய படம். ஓவியர் ஜன்னலை மறைக்காமல் அவள் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டார். இந்த வீடுகளில் இருந்து போன பிள்ளைகளில் ஒருத்தி திரும்பி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கிறாள் என எனக்குப் பட்டது. எதிர்ப்பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன்.

அந்தத் தெரு முனையிலேயே ஜிம்மி சூ கம்பிப் படம். உலகம் முழுக்கப் பேசப்படும் செருப்பு வடிவமைப்பாளர் இங்கேதான் தொழில் பழகினார்.

பிறகு சந்துகளில் சுற்றிக்கொண்டிருந்தபோது, திரும்பினால் ஒரு முழுச் சுவரில் இந்தியப் படகோட்டி. ரஷ்யாவைச் சேர்ந்த யூலியா வோல்ச்கோவா வரைந்தது. பிள்ளை நோட்டைப் புரட்டி, "மாமா, படகுக்காரத் தெரு!" என்று கத்தினாள். துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்கியவர்களில் தமிழர் ஏராளம். அவர்கள் பெயர் தெருப் பலகையில் இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர் இந்தச் சுவரளவு உயரத்தில் இருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நல்ல வேலைப்பாடு. சுண்ணாம்புக் காரையின் மேல் காற்றுப் போகாத பெயிண்ட் பூசினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சையே தள்ளிவிடும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஊர் இது, கடற்காற்று வேறு. எத்தனை மழைக்குத் தாங்குமோ என்று கவலையாக இருக்கிறது. தாங்க வேண்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு

நாளை ஊருக்கு. காலையில் ஃபெர்ரித் துறைக்குப் பக்கத்தில் உள்ள சியூ ஜெட்டிக்கு மட்டும் போனோம். ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் கடல்மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள், நடுவே பலகை நடைபாதை. கீழே தண்ணீர் தெரிய, பிள்ளை என் கையை விடவில்லை. சில வாசல்களில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இங்கே இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன.

ஸகாரெவிச் 2012இல் இங்கேயும் படகில் இரண்டு பிள்ளைகளை வரைந்திருந்தார். உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது. அந்தப் படம் இருந்தது என்று சொன்ன இடத்தில் போய் நின்றோம். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவள் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"ஜில்லுன்னு இருக்கு மாமா."