பத்து காந்தோங் ஜன்னலுக்குத் திரும்பி வந்த நோட்டு

1992-இல் பினாங்கில் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, வார இறுதிகளில் அங்குள்ள பத்து காந்தோங் குதிரைப் பந்தயத் திடலில் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருப்பேன். அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் என் தாய்மாமா. அவர் அங்கே சைஸ், அதாவது குதிரைகளைப் பராமரிக்கும் ஆள். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் லாயத்தில் இருப்பார். குதிரையைத் தேய்ப்பார், நடத்துவார், கால் சூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பார். "கால்தான் பேசும் மருமவனே, வாய் பேசாத ஜீவன்ல" என்பார்.

ஒரு சனிக்கிழமை முதல் ஓட்டத்துக்கு ஒரு சீனப் பெரியவர் கொடுத்த சிவப்புப் பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டின் ஓரத்தில் யாரோ நீல மையில் டெலிபோன் நம்பர் எழுதியிருந்தார்கள். ஓட்டம் முடிந்து ஜெயித்த ஒருவருக்குப் பணம் எண்ணிக் கொடுத்தபோது அந்த நோட்டும் போய்விட்டது. மூன்றாவது ஓட்டத்துக்கு வேறொருவர் கையிலிருந்து அதே நோட்டு என் ஜன்னலுக்கு வந்தது. ஆறாவது ஓட்டத்தில் இன்னொரு முறை. அன்றைக்கு அதை ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்தேன். பிறகு கணக்கு எழுதும் வேலையில் பத்து வருஷம் ஓடியபின்தான் அந்த நோட்டு எனக்கு என்ன காட்டியது என்று விளங்கியது. நோட்டு முழுசாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் அது ஒவ்வொரு முறை என் ஜன்னலைத் தாண்டும்போதும், திடலில் நின்றவர்களின் மொத்தப் பணத்தில் ஒரு துண்டு குறைந்துகொண்டே இருந்தது.

டோட் என்கிற இந்தப் பந்தய முறையில் நாம் திடலை நடத்தும் கிளப்பை எதிர்த்துப் பணம் கட்டுவதில்லை. பக்கத்தில் நிற்கிறவரை எதிர்த்துத்தான் கட்டுகிறோம். 1860களில் பாரிசில் ஜோசப் ஓலர் என்பவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. எல்லார் பணமும் ஒரே பூலில் விழும். அதிலிருந்து முதலில் கமிஷனைப் பிடித்துக்கொள்வார்கள். வரி, பரிசுப் பணம், திடல் செலவு, சம்பளம் எல்லாம் அந்தப் பிடித்தத்திலிருந்துதான். மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பங்கிடுவார்கள்.

ஒரு பூலில் 10,000 வெள்ளி விழுந்திருக்கிறது, அதில் ஜெயித்த குதிரை மேல் கட்டியது 2,000 என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் 20 விழுக்காடு என்றால் பங்கிட 8,000 இருக்கும். ஒரு வெள்ளிக்கு நாலு வெள்ளி. பிடித்தம் 15 என்றால் நாலே கால். கால் வெள்ளி வித்தியாசத்துக்கு ஜன்னலில் யாரும் சண்டை போடமாட்டார்கள். பிடித்தம் எவ்வளவு என்று டிக்கெட்டில் அச்சடிப்பதும் இல்லை. கோழி கிலோ என்ன விலை என்று பாசாரில் மூன்று கடை ஏறி இறங்கிக் கேட்கிறவர்கள், பந்தயம் கட்ட என்ன விலை கொடுக்கிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தும்கூட.

ஆனால் ஒரு நாளுக்கு எட்டு ஓட்டம். ஒருவர் 100 வெள்ளியோடு வந்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கையில் இருப்பதை எல்லாம் திரும்பக் கட்டுகிறார், சராசரி அதிர்ஷ்டம்தான் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 விழுக்காடு பிடித்தத்தில் முதல் ஓட்டம் முடிந்ததும் 80, அடுத்தது 64, அப்புறம் 51. எட்டாவது முடியும்போது கையில் 17 வெள்ளிகூட முழுசாக இருக்காது. 15 விழுக்காட்டில் 27 வெள்ளி இருக்கும். 25 விழுக்காட்டில் 10. கிளப்பின் பக்கமிருந்து பார்த்தால் 20-இல் அவரிடமிருந்து 83 வெள்ளி வருகிறது, 15-இல் 73. ஒரே நாளைப் பார்க்கிற கணக்காளர் கண்ணுக்கு 20-தான் நல்லது. ஆனால் 27 வெள்ளியோடு போகிறவர் திரும்பும் வழியில் ஒரு மீ கோரேங் சாப்பிட்டு, பஸ் ஏறி, "பரவால்லடா, நல்லா பொழுது போச்சு" என்று அடுத்த வாரமும் வருவார். பத்து வெள்ளியோடு போகிறவர் கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிடுவார். அவர் யாரிடமும் புகார் செய்வதில்லை. அவர் வராமல் போனது ஏன் என்று எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை.

மாமா ஓய்வு பெற்றபின் அவரும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிற்கிற ஆளாகிவிட்டார். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் குடியிருந்தார். நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் எந்தக் குதிரை, எவ்வளவு கட்டினார், எவ்வளவு வந்தது என்று எழுதி, ஒரு மைலோ டின்னில் போட்டு வைப்பார். அவருக்குள் ஒரு வேதனை வளர்ந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் குதிரையோடு இருந்தவர், ஆனால் வருஷக் கடைசியில் எப்போதும் நஷ்டம். அத்தை சண்டை போட்டதில்லை. ஆனால், "என்னத்தத் தெரிஞ்சி வச்சிருக்கீங்க அப்ப?" என்று ஒருமுறை கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. அதற்குப்பின் லாயத்துக் கதைகள் சொல்வதையே அவர் குறைத்துக்கொண்டார்.

அவருக்குத் தள்ளுபடி வாய்ப்பும் இருந்தது. காப்பிக் கடையில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். பத்து வெள்ளிக்குக் கட்டினால் ஒன்பது கொடுத்தால் போதும், கையில் இல்லையென்றால் அடுத்த வாரம் என்பான். சட்டத்துக்குப் புறம்பாகப் பந்தயப் பணம் வாங்குகிற புக்கி. வரி கட்டுவதில்லை, குதிரை வளர்ப்பதில்லை, அதனால் அவனால் தள்ளுபடி தர முடிந்தது. திடலில் பிடித்தம் உயர உயர இவன் கடை விரியும். இது பினாங்குக்கு மட்டும் உள்ள கதை இல்லை. மாமா அவனிடம் போனதே இல்லை. "அவன்கிட்ட கட்டுனா குதிரைக்கு யாரு புல்லு வாங்குறது?" என்பார். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். எந்தப் பிடித்தம் அவர் ஓய்வுப் பணத்தைக் கொறித்ததோ, அதே பிடித்தம்தான் முப்பது வருஷம் அவருக்குச் சம்பளமாக வந்தது, என் அத்தை மகள்களுக்குப் பள்ளிக்கூடச் சட்டையாக வந்தது. அதனால்தான் கமிஷனே கூடாது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஹாங்காங்கில் நடந்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன். 1996-97 பருவத்தில் அங்கே குதிரைப் பந்தயத்தில் கட்டப்பட்ட தொகை சுமார் 92 பில்லியன் ஹாங்காங் டாலர். அடுத்த பத்து வருஷத்தில் அது 60 பில்லியன் அளவுக்கு இறங்கியது. தள்ளுபடி தரும் சட்டவிரோத புக்கிகளும் வெளிநாட்டு நிறுவனங்களும் ஆட்களை இழுத்துக்கொண்டார்கள். கட்டிய தொகை மீதே அரசாங்கம் வரி போட்டதால், அங்கே பந்தயம் நடத்தும் ஜாக்கி கிளப்பால் விலையை அசைக்க முடியவில்லை. 2006-இல் வரியை மாற்றினார்கள். கட்டிய பணத்துக்கு வரி இல்லை, பரிசு கொடுத்ததுபோக மிஞ்சுகிற தொகைக்கு வரி. கிளப்புக்குக் கை அவிழ்ந்தது. 10,000 டாலரும் அதற்கு மேலும் கட்டித் தோற்ற டிக்கெட்டுக்குப் பத்து விழுக்காட்டைத் திருப்பிக் கொடுத்தது. இறங்கிக்கொண்டிருந்த தொகை திரும்பி ஏறியது. 2013-14 பருவத்தில் 100 பில்லியனைத் தாண்டியது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தள்ளுபடி 10,000 டாலர் கட்டுகிறவருக்குத்தான். ஐந்து வெள்ளி டிக்கெட் வாங்குகிற என் மாமா மாதிரி ஆளுக்கு, ஜெயிக்கும் குதிரையை மட்டும் சொல்கிற வின் பூலில் முழு 17.5 விழுக்காடும் பிடித்தம். அமெரிக்காவிலும் கம்ப்யூட்டர் வைத்துக் கட்டும் பெரும்புள்ளிகளுக்குத் தனித் தள்ளுபடி, திடலில் நிற்கும் கிழவருக்கு முழு விலை. ஒரே பூலில் இரண்டு விலை வைத்தால் சிறியவர் பணம் பெரியவரிடம் போய்ச் சேரும். இது நியாயம் இல்லை என்று அழுத்திச் சொல்வேன்.

பிரிட்டனில் 2001 அக்டோபர் வரை கட்டுகிறவரிடம் 9 விழுக்காடு பிடித்தார்கள். அதை எடுத்துவிட்டு, புக்மேக்கரின் மொத்த லாபத்தில் 15 விழுக்காடு வரி என்று மாற்றினார்கள். இந்தியா எதிர்த் திசையில் போனது. பந்தயத் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டார்கள். கிளப்பின் கமிஷனுக்கு மட்டும்தான் வரி போடலாம் என்று 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் சட்டத்தையே திருத்தி முழுத் தொகைக்கும் 28 என்று உறுதியாக்கிவிட்டார்கள். நூறு ரூபாய்க்குக் கட்டினால் 28 ரூபாய் வரி, அதற்கு மேல் கிளப்பின் பிடித்தம் வேறு. 2025 செப்டம்பரில் அந்த 28-ஐயும் 40 ஆக்கிவிட்டார்கள். அந்த விலைக்கு எந்தக் கண்ணும் ஜெயிக்க முடியாது.

விலையை இறக்கினால் போதும், கூட்டம் தானாக வரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் மினசோட்டாவின் கேன்டர்பெரி பார்க் 2016-இல் துணிந்து இறக்கியது, வின், பிளேஸ் (முன்னணி இடங்களில் வரும் குதிரை) வகைக்கு 15, மற்றவற்றுக்கு 18. அடுத்த வருஷமே பழைய விலைக்குத் திரும்பிவிட்டது. ஒரே ஒரு திடல் ஒரே ஒரு பருவத்துக்கு இறக்கினால், அந்தச் செய்தி கட்டுகிறவர் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் பருவம் முடிந்துவிடும் என்பது என் எண்ணம். ஏற்றினால் மட்டும் உடனே உறைக்கும். கலிபோர்னியாவில் 2011-இல் பரிசுப் பணத்துக்காக, முதல் இரண்டு குதிரையை வரிசையாகச் சொல்லும் எக்ஸாக்டாவின் பிடித்தத்தை 20.68-இலிருந்து 22.68 ஆக்கினார்கள், முதல் மூன்றைச் சொல்லும் டிரைஃபெக்டா மாதிரியானவற்றை 23.68 ஆக்கினார்கள். கட்டுகிறவர்கள் கூடிப் பேசிப் புறக்கணிப்பே நடத்தினார்கள். குதிரையை வரிசை மாறாமல் சொல்லும் இந்த மாதிரிப் பந்தயங்களில்தான் பெரும்பாலும் பிடித்தம் கூடுதல். ஜப்பானில் வின் வகைக்கு 20, மூன்று குதிரையை வரிசையாகச் சொல்ல 27.5, ஐந்து ஓட்டத்தின் ஜெயிப்பையும் சேர்த்துச் சொல்ல 30. பெரிய பரிசு கண்ணில் தெரியும், விலை தெரியாது.

சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-இல் கிராஞ்சி பந்தயத் திடலில் கடைசி ஓட்டம். 1864-இல் தொடங்கிய நம் பினாங்கு டர்ஃப் கிளப் 2025 மே 31-இல் கடைசியாகக் குதிரை ஓட்டியது. நில விலை, மாறிவிட்ட தலைமுறை, கைப்பேசியில் கிடைக்கும் ஆயிரம் விளையாட்டு எல்லாம் சேர்ந்த கதை இது. பிடித்தம் ஒன்றால்தான் என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசி ஓட்டத்துக்கு அடுத்த வாரம் மாமாவைப் பார்க்கப் போனேன். எண்பத்தோரு வயது. மைலோ டின்னைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், 2004-ஆம் வருஷத் தாள்களை மட்டும் எடுத்துக் கூட்டினேன். மூன்று இரவு ஆனது. கட்டியது 5,200 வெள்ளி, திரும்பி வந்தது 4,570. பிடித்தம் 20 என்று வைத்துக்கொண்டால், சராசரி ஆளுக்கு 4,160-தான் திரும்பியிருக்கும். மாமா அதைவிட 410 வெள்ளி கூடுதலாக எடுத்திருக்கிறார். அதாவது, திடலில் நின்ற கூட்டத்தைவிட அவர் கிட்டத்தட்ட பத்து விழுக்காடு கெட்டிக்காரர். அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும், எதிரில் இருபது விழுக்காடு நின்றது. அதே தாள்கள், அதே குதிரைகள், பிடித்தம் மட்டும் 8 விழுக்காடு என்றிருந்தால், அந்த வருஷம் அவர் ஐம்பத்தைந்து வெள்ளி லாபத்தில் முடித்திருப்பார்.

தே தாரிக் வாங்கிக்கொண்டு திரும்பப் போய், ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். அத்தை சமையல்கட்டில் இருந்தார்.

"அப்ப என் கண்ணு தப்பில்லையா மருமவனே?"

"இல்ல மாமா. உங்க கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு."

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து சமையல்கட்டுப் பக்கம் நடந்தார்.